ஜாதகம் பார்த்து பைக் வாங்குங்க பாஸ்!

ஹாஸ்டல் வாசல். காலை எட்டரை மணி. என் ரூம்மேட் வாங்கி பன்னிரண்டே நாள் ஆன செகண்ட் ஹேண்ட் கேடிஎம் ஆர்சி 390 பக்கத்துல ரெண்டு பேர் நின்னுட்டிருந்தாங்க. கையில ஒரு பேப்பர். 'தம்பி, இந்த வண்டிக்கு ஏழு மாசம் ட்யூ பாக்கி'ன்னு ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்க. நம்மாளு ஒண்ணேகால் லட்சத்தை ரொக்கமா எண்ணிக் கொடுத்திருந்தான். அதுல பாதி, அவங்க அம்மா சீட்டு எடுத்த பணம். வித்தவர் நம்பருக்கு அடிச்சா... ஸ்விட்ச்டு ஆஃப்!

வண்டியும் போச்சு, பணமும் போச்சு. இத்தனைக்கும் அவன் ஏமாந்த சோணகிரி இல்ல. வாங்கறதுக்கு முன்னாடி மெக்கானிக்கை எல்லாம் கூட்டிட்டுப் போனான். 'இன்ஜின் கிளீன்'னு அவரும் சொன்னாரு. அது உண்மையும்கூட. ஆனா, கடன் இன்ஜினுக்குள்ள இருக்காதே!

நம்ம பசங்க பண்ற முதல் தப்பு, முதல்ல வண்டியைப் பார்க்கப் போறது. சிவப்புக் கலர்ல ஒரு ஆர்15 சைடு ஸ்டாண்டு போட்டு சாஞ்சு நிக்கும். வித்தவர் ஒரு தடவை த்ராட்டில முறுக்குவார். அவ்வளவுதான், மூளை லீவு போட்டுடும். அப்புறம் எந்த ஓட்டையும் நம்ம கண்ணுக்குத் தெரியாது. அதனால ஆர்டரை மாத்துங்க. போன்ல பேசும்போதே ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரைக் கேட்டு வாங்குங்க. ஜாதகம் பொருந்தினா மட்டும் நேர்ல பார்க்கப் போங்க. 'நேர்ல வாங்க, நம்பர் அப்புறம் தர்றேன்'னு இழுக்கிறாரா? அப்படியே கட் பண்ணிடலாம்.

நம்பரை வாங்கி பரிவாகன் தளத்துலயோ எம்பரிவாகன் ஆப்லயோ தட்டினா நிறைய விஷயம் வந்து விழும். எந்த ஆர்டிஓ, எப்போ ரிஜிஸ்டர் ஆச்சு, இன்ஷூரன்ஸ் எது வரைக்கும், லோன் இருக்கா இல்லையான்னு. எங்க ரூம்ல எல்லாம் முடிஞ்ச பிறகு தட்டிப் பார்த்தோம். ஃபைனான்ஸ் விவரம் பளிச்சுனு நின்னுச்சு! அவனுக்குக் காட்டினது ஆர்சியோட ஜெராக்ஸ். அதுல அந்த இடம் மட்டும் சரியா விழலையாம். ஒரிஜினலைப் பார்க்காம ஒத்த ரூபா அட்வான்ஸ்கூட வேணாம்.

'லோன்லாம் முடிச்சாச்சு தம்பி, என்ஓசி மட்டும்தான் வாங்கல'ன்னு சிலர் சொல்வாங்க. நிஜமாவும் இருக்கலாம். அப்போ, ஃபைனான்ஸ் கொடுத்த இடத்துல என்ஓசியும், அவங்க கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 35-ம் வாங்கிட்டு வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் பணம் உங்க அக்கவுன்ட்லயே தூங்கட்டும். அப்படியே இ-சலான் தளத்துலயும் அதே நம்பரைத் தட்டிடுங்க. ஹெல்மெட் இல்லாம பறந்தது, சிக்னல் ஜம்ப் பண்ணினதுன்னு அவர் அனுபவிச்சதுக்கெல்லாம் நீங்க பில் கட்டக்கூடாது பாருங்க. திருட்டு வண்டியான்னு சந்தேகமா? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட டிஜிட்டல் போலீஸ் தளத்துல அதைத் தேடவும் வழி இருக்கு.

அடுத்து, உங்ககிட்ட பேசுறவர் யாரு? இதுதான் பெரிய கேள்வி. 'ஃப்ரெண்ட் வண்டிதான், அவன் துபாய்ல இருக்கான், ஃபார்ம்ல சைன் பண்ணி வெச்சுட்டுப் போயிருக்கான்' - இந்த டயலாக் கேட்காத காலேஜே கிடையாது. ஃபார்ம் 29-லயும் 30-லயும் முதல் ஓனரோட கையெழுத்து மட்டும் இருக்கும், மத்ததெல்லாம் காலியா இருக்கும். அந்த ஃபார்மோடயே வண்டி மூணு கை, நாலு கை மாறியிருக்கும். ஆர்சியில என்னவோ இன்னும் முதல் ஆள் பேருதான்! நடுவுல யார் ஓட்டினாங்க, எங்க விட்டாங்க, எந்த கேஸ்ல மாட்டினாங்க... எதுக்கும் ரெக்கார்டு கிடையாது.

சட்டப்படி, வித்தவர் 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரியப்படுத்தணும். வாங்கினவர் 30 நாளுக்குள்ள பேர் மாத்த விண்ணப்பிக்கணும். 2018-ல உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்துச்சு. வித்து, வரிசையா பல கை மாறின வண்டி ஆக்சிடென்ட் ஆயிடுச்சு. ஆர்சியில பேர் மாத்தலை. நஷ்டஈட்டுக்கு யார் பொறுப்புன்னா, ஆர்சியில பேர் இருக்கிற பழைய ஓனர்தான்னு தீர்ப்பு! அதாவது, வித்தவருக்குத்தான் பேர் மாத்துறதுல உங்களைவிட அவசரம் இருக்கணும். 'பேரை மெதுவா மாத்திக்கலாம் தம்பி'ன்னு ஒருத்தர் கூலா சொன்னா, ஆர்சியில இருக்கிறது அவர் பேரே இல்லையோன்னு சந்தேகப்படுங்க.

பிஒய் நம்பர் வண்டி மேல ஆசைப்படுறவங்களுக்கு ஒரு வார்த்தை. புதுச்சேரி வண்டி விலை கம்மியா தெரியும். ஆனா இங்கேயே ஓட்டப் போறீங்கன்னா அங்க ஆர்டிஓவுல ஃபார்ம் 28 என்ஓசி வாங்கி, இங்க திரும்ப வரி கட்டி, நம்பர் மாத்தணும். அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்துட்டு அப்புறமா 'சீப்'னு சொல்லுங்க.

இன்ஷூரன்ஸ் பாலிசி காப்பியை யாரும் கேக்கிறதே இல்லை. அது ஒரு சூப்பர் ஒற்றன் பாஸ்! அதுல 'நோ கிளெய்ம் போனஸ்'னு ஒரு வரி இருக்கும். முதல் வருஷம் கிளெய்ம் பண்ணலேன்னா 20 சதவிகிதம். தொடர்ந்து பண்ணாமலே இருந்தா 50 வரைக்கும் ஏறும். நாலு வருஷ வண்டி, ஃபுல் இன்ஷூரன்ஸ், ஆனா போனஸ் ஜீரோ! 'ஒரு கீறல்கூட விழுந்ததில்ல'ன்னு வேற சொல்றார். அப்போ முந்தின வருஷம் எதுக்கு கிளெய்ம் பண்ணினார்? இல்ல, இன்ஷூரன்ஸை நடுவுல விட்டுட்டாரா? கேளுங்க, முகம் பதில் சொல்லும். (அந்த போனஸ் ஓனருக்குச் சொந்தம், வண்டிக்கு இல்ல. உங்களுக்கு மாறாது.)

மீட்டரை மட்டும் நம்பவே நம்பாதீங்க. டிஜிட்டல் மீட்டரையும் குறைக்கிற ஆளுங்க இருக்காங்க. சர்வீஸ் பில் ஒவ்வொண்ணுலயும் கிலோமீட்டர் எழுதியிருக்கும். அதை வரிசையா அடுக்கிப் பாருங்க. பில் தொலைஞ்சிருச்சுன்னா ஓனரையே கூட்டிட்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய்க் கேளுங்க. டயர் பக்கவாட்டுல நாலு இலக்க நம்பர் ஒண்ணு இருக்கும். 2319-ன்னா 2019-ம் வருஷம் 23-வது வாரத்துல தயாரான டயர். மீட்டர் ஒன்பதாயிரம் காட்டுது, ஆனா முன்னாடி பின்னாடி ரெண்டு டயரும் வண்டியைவிட ரெண்டு வயசு இளசா இருந்தா, கணக்கு இடிக்குதுல்ல?

ஜாதகம் ஓகேவா? இப்போ கிளம்பலாம். 'நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போங்க. போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, எதையோ மறைக்கத்தான் முன்னாடியே ஓட வெச்சிருக்கார். ஜில்லுனு இருக்கிற இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினா, சத்தமும் புகையும் பொய் சொல்லாது. நீலப் புகைன்னா ஆயில் எரியுதுன்னு அர்த்தம். சாஸி நம்பரை ஹேண்டில் பாருக்குக் கீழே, ஃபிரேமோட கழுத்துல பார்த்து, ஒரிஜினல் ஆர்சியோட ஒவ்வொரு எழுத்தா ஒப்பிடுங்க. அங்க தேய்ச்ச தடம், புது பெயின்ட் தெரிஞ்சா டீ கூட குடிக்காம திரும்பிடுங்க.

அதே கழுத்துல, ஹேண்டில் ஒரு அளவுக்கு மேல திரும்பாம தடுக்கிற சின்ன இரும்பு ஸ்டாப்பர் இருக்கும். அது நசுங்கியிருந்தா வண்டி பலமா விழுந்திருக்கு. ஃபேரிங் புதுசா மாத்திடுவாங்க, ஸ்டிக்கர் புதுசா ஒட்டிடுவாங்க. இந்த ஸ்டாப்பரை யாரும் கண்டுக்க மாட்டாங்க. 'நின்ன இடத்துல சாஞ்சுடுச்சு'ன்னு சொன்னா கீறலைப் பாருங்க. நின்ன இடத்துல விழுந்த கீறல் குட்டியா ஒரே இடத்துல இருக்கும். ரோட்டுல இழுத்துட்டுப் போனது முன்னாடியிலிருந்து பின்னாடி நீளமா கோடு போட்டிருக்கும்.

எல்லாம் சரி, விலையும் படிஞ்சாச்சு. பணத்தைப் பேங்க் வழியா, ஆர்சியில இருக்கிற அதே பேருக்கு அனுப்புங்க. ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து ஃபார்ம் 29, 30-ஐ முழுசா நிரப்பிக் கையெழுத்துப் போடுங்க. இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தணும். கடைசியா ஒரு டெலிவரி நோட் எழுதி ஆளுக்கொரு காப்பி வெச்சுக்குங்க. தேதியோட நேரத்தையும் எழுதுங்க, காலை 11.40-ன்னா 11.40. அன்னிக்குக் காலையில பத்து மணிக்கு அந்த வண்டி எங்கே, யாரை இடிச்சதுன்னு உங்களுக்குத் தெரியாதே!