வழி தவறிய வாத்து குஞ்சு கையில் கிடைத்தால் என்ன செய்வது? தீனியை விட துணை தான் முக்கியம்!

அறுவடை முடிந்த வயல்களில் வாத்து கூட்டம் மேய வரும் காலத்தில் டெல்டா மாவட்ட கிராமங்களில் இந்த காட்சியை பார்க்கலாம். கூட்டம் அடுத்த ஊருக்கு போன பிறகு வாய்க்கால் ஓரத்திலோ, வரப்பு பொந்திலோ ஒரே ஒரு குஞ்சு மட்டும் "கீச்... கீச்..." என்று கத்திக்கொண்டு நிற்கும். டவுன் பக்கம் வண்டியில் கூடை கட்டி கலர் கோழிக்குஞ்சும், வாத்து குஞ்சும் விற்க வருபவர்களிடம் இருந்து தவறி விழுவதும் உண்டு.

"அய்யோ பாவம், விட்டா நாயோ பூனையோ கவ்விட்டு போயிடும்" என்று யாராவது எடுத்து வீட்டுக்கு கொண்டு வருவார்கள். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். பாலில் பிரெட்டை நனைத்து வைப்பார்கள். "வாத்து தானே, நீந்தட்டும்" என்று தண்ணீர் தொட்டியில் விடுவார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் குஞ்சு விறைத்து கிடக்கும்.

இரக்கப்பட்டு எடுத்து வந்த உயிர் ஏன் இப்படி போகிறது? குளிர், தப்பான தீனி, தனிமை. இந்த 3-ம் தான் பெரும்பாலும் காரணம். முதல் இரண்டும் கொஞ்சம் விசாரித்தால் தெரிந்துவிடும். மூன்றாவதை தான் யாரும் யோசிப்பது இல்லை.

முதலில் உரியவரை தேடுங்க

வாத்து மேய்ப்பவர்கள் ஊர் ஊராக போய் வயலிலேயே கூடாரம் போட்டு தங்குகிறவர்கள். ஒவ்வொரு குஞ்சும் அவர்கள் காசு போட்டு வாங்கியது. அது தான் அவர்களுக்கு பிழைப்பு. எனவே குஞ்சு கிடைத்ததும் பக்கத்து வயல்காரரிடமோ, டீக்கடையிலோ "வாத்துக்காரங்க எந்த பக்கம் போனாங்க?" என்று கேட்டாலே போதும். பெரும்பாலும் அடுத்த ஊரில் தான் இருப்பார்கள். குஞ்சு சுறுசுறுப்பாக இருந்தால் அன்றைக்கே கொண்டு போய் கொடுத்து விடுவது தான் அதற்கு செய்யும் பெரிய உதவி.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். ஏரி, குளத்து பக்கம் கிடைத்த குஞ்சு காட்டு வாத்து இனமாகவும் இருக்கலாம். புள்ளிமூக்கு வாத்து, சீழ்க்கைச்சிறகி போன்றவை தமிழ்நாட்டிலேயே முட்டையிட்டு குஞ்சு பொரிக்கின்றன. வீட்டு வாத்து குஞ்சிலும் கருப்பு, மஞ்சள் கலந்த நிறம் உண்டு என்பதால் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. சந்தேகம் இருந்தால் வனத்துறையிடம் கேட்க வேண்டும். காட்டு பறவைகளை வீட்டில் வளர்ப்பது 1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி குற்றம். தாய் பறவை பக்கத்திலேயே இருந்தால் குஞ்சை தொடாமல் விலகி விடுவதே நல்லது.

ஏன் விடாமல் பின்னாலேயே வருகிறது?

உரியவர் கிடைக்கவில்லை, வளர்த்து தான் ஆக வேண்டும் என்றால் வாத்தின் குணத்தை தெரிந்துகொள்ள வேண்டும்.

முட்டையை விட்டு வெளியே வந்த முதல் ஓரிரு நாட்களில், கண்ணெதிரே நடமாடுவது எதுவோ அதையே வாத்து குஞ்சு தாயாக நினைத்துக்கொள்ளும். ஆஸ்திரியாவை சேர்ந்த விஞ்ஞானி கான்ராட் லாரன்ஸ் இதை விரிவாக ஆராய்ந்தவர். அவர் வளர்த்த காட்டு வாத்து குஞ்சுகள் அவர் போகும் இடமெல்லாம் வரிசையாக பின்னால் நடந்தன. விலங்குகளின் நடத்தை பற்றிய ஆராய்ச்சிக்காக 1973-ம் ஆண்டு அவருக்கும், மேலும் 2 விஞ்ஞானிகளுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பின்னாலேயே ஓடி வருவது பார்க்க அழகு தான். ஆனால் வீட்டில் உள்ளவர்கள் வேலைக்கும், பள்ளிக்கூடத்துக்கும் கிளம்பிய பிறகு அந்த குஞ்சின் நிலைமை என்ன? தாயை காணோம் என்று கத்தும். கத்தி கத்தி களைத்துப்போகும். தீனியை தொடாது. குளிரும் சேர்ந்துகொண்டால் தாங்காது.

அதனால் தான் ஒரே வயதில் இன்னொரு வாத்து குஞ்சு வாங்கி சேர்த்து விடுங்கள் என்று சொல்கிறார்கள். ஒன்றுக்கு பதில் இரண்டு என்றால் செலவு பெரிதாக கூடிவிடாது. கத்தல் பாதியாக குறையும். கோழிக்குஞ்சை துணைக்கு விடலாமா? அவசரத்துக்கு விடலாம். ஆனால் வாத்து குஞ்சு தண்ணீரை இறைத்து இடத்தையே ஈரமாக்கி விடும். கோழிக்குஞ்சுக்கு அந்த ஈரம் ஆகாது. இரண்டு நாளைக்கு துணை கிடைக்காது என்றால் பெட்டிக்குள் ஒரு சின்ன கண்ணாடியை வைக்கலாம். தன் உருவத்தை பார்த்து ஓரளவு அமைதியாகும்.

குண்டு பல்பு தான் வேண்டும்

தாய் இறக்கைக்குள் கிடைக்கும் சூட்டை நாம் தான் கொடுக்க வேண்டும். முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வரை வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். இதற்கு பழைய குண்டு பல்பு 40 வாட்ஸ் அல்லது 60 வாட்ஸ் போதும். சி.எப்.எல்., எல்.இ.டி. பல்பில் வெளிச்சம் வருமே தவிர சூடு வராது.

பல்பை பெட்டியின் ஒரு ஓரமாக, ஒரு அடிக்கு குறையாத உயரத்தில் கட்ட வேண்டும். அட்டையிலோ துணியிலோ பட்டால் தீப்பிடித்து விடும், ஜாக்கிரதை. குஞ்சு பல்புக்கு நேர் கீழே ஒடுங்கி கத்தினால் சூடு பத்தவில்லை. தூரமாக போய் வாயை திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். நம்ம ஊர் வெயில் காலத்தில் பகலில் பல்பு தேவைப்படாது. ராத்திரி கரண்டு போனால் வெதுவெதுப்பான தண்ணீரை பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றி பக்கத்தில் வைக்கலாம்.

தண்ணீரில் விடாதீங்க

தாயுடன் இருக்கும் குஞ்சு தண்ணீரில் இறங்கினாலும், கரையேறியதும் தாயின் இறக்கைக்குள் புகுந்து உடம்பை காய வைத்துக்கொள்ளும். தனி குஞ்சுக்கு அந்த வசதி இல்லை. ரோமம் நனைந்து ஊறி, குளிரில் விறைத்து விடும். இறக்கை முளைக்கும் வரை நீச்சல் தேவையே இல்லை. ஆசைக்கு விடுவதாக இருந்தால், அகலமான தட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிஷம் மட்டும் விட்டு, உடனே துடைத்து பல்பு சூட்டில் விட வேண்டும்.

ஆனால் குடிக்கும் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். அலகும், மூக்கு துவாரமும் முங்கும் அளவுக்கு ஆழம் வேண்டும். மூக்கில் அடைத்த தீனியை வாத்து தண்ணீரில் முக்கி தான் சுத்தம் செய்யும். கிண்ணத்தில் கூழாங்கல் போட்டு வைத்தால் குஞ்சு உள்ளே விழுந்து மூழ்காது.

பால், பிரெட், மிக்சர் வேண்டாம்

பாலும் பிரெட்டும் வாத்து குஞ்சுக்கு ஆகாது. உப்பு போட்ட மிக்சர், முறுக்கும் கூடாது. முதல் நாள் அவசரத்துக்கு வேக வைத்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்து, குழைந்த சோற்றுடன் கலந்து வைக்கலாம். பிறகு தீவன கடையில் குஞ்சுகளுக்கான ஸ்டார்ட்டர் தீவனம் வாங்கி, தண்ணீர் தெளித்து ஈரமாக கொடுக்க வேண்டும். காய்ந்த தூள் தொண்டையில் அடைக்கும். கோழிக்குஞ்சு தீவனம் தான் கிடைக்கிறது என்றால் மருந்து கலக்காததா என்று கேட்டு வாங்க வேண்டும்.

நியாசின் என்ற பி வைட்டமின் கோழிக்குஞ்சை விட வாத்து குஞ்சுக்கு ஏறக்குறைய 2 மடங்கு தேவை. இது குறைந்தால் கால் வளைந்து, மூட்டு வீங்கி, நடக்க முடியாமல் உட்கார்ந்து விடும். கால் தள்ளாடுவது தெரிந்தால் தாமதம் செய்யாமல் கால்நடை டாக்டரிடம் காட்டினால் வைட்டமின் மருந்து கொடுப்பார்.

பூஞ்சை பிடித்த கடலை பிண்ணாக்கு, மக்காச்சோளத்தை கண்ணில் கூட காட்டக்கூடாது. அதில் உருவாகும் அப்ளாடாக்சின் என்ற விஷத்தை வாத்து குஞ்சுகள் கொஞ்சமும் தாங்காது.

பெட்டிக்குள் நியூஸ் பேப்பரை மட்டும் விரிப்பதும் தப்பு. வழுக்கி வழுக்கி கால் இரண்டு பக்கமும் அகண்டு போகும். மேலே பழைய சாக்கோ, துண்டோ போட்டு, ஈரமானதும் மாற்ற வேண்டும். பூனை, காக்கா, பெருச்சாளி வராதபடி கம்பி வலையால் மூடி வைப்பது அவசியம்.

கை கழுவ மறக்காதீங்க

பார்க்க சுத்தமாக தெரிந்தாலும் வாத்து எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வரும். குஞ்சை தொட்டால் சோப்பு போட்டு கை கழுவ வேண்டும். முத்தம் கொடுப்பது, சாப்பிடும் இடத்தில் விடுவது கூடாது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

கேரள மாநிலம் ஆலப்புழை மாவட்டத்தில் 2014, 2021, 2024-ம் ஆண்டுகளில் வாத்துகளுக்கு பறவை காய்ச்சல் பரவி ஏராளமான வாத்துகள் அழிக்கப்பட்டன. எனவே குஞ்சு கிடைத்த இடத்தில் வாத்தோ, வேறு பறவைகளோ கூட்டமாக செத்து கிடந்தால் எதையும் தொடாமல் கால்நடை ஆஸ்பத்திரிக்கு தகவல் சொல்ல வேண்டும்.

வளர்ந்த பிறகு?

சுமார் 8 வாரத்தில் இறக்கை முளைத்துவிடும். பெட்டை வாத்து ஊருக்கே கேட்கும்படி கத்தும். ஆண் வாத்தின் குரல் கம்மலாக இருக்கும். வால் பக்கம் சுருண்ட இறகு வளரும். பெட்டையாக இருந்தால் 5, 6 மாதத்தில் முட்டை வைக்க ஆரம்பிக்கும். நல்லபடி பார்த்துக்கொண்டால் 8 முதல் 10 வருஷம் வரை வாழும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதை முதல் நாளே யோசிக்க வேண்டும். எச்சம், நாற்றம், சத்தம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்த பிறகு எங்கேயாவது குளத்தில் கொண்டு போய் விட்டு வருவது பாவம். மனுஷன் கையில் வளர்ந்த வாத்துக்கு நாயை கண்டால் ஓட தெரியாது. இரை தேடவும் பழக்கம் இருக்காது.

முடியாது என்று தெரிந்தால், வாத்து வளர்க்கும் விவசாயி யாரிடமாவது சின்னதாக இருக்கும்போதே ஒப்படைத்து விடலாம். சீக்கிரம் கூட்டத்தில் சேர்ந்தால் சீக்கிரம் பழகிவிடும். அங்கேயும் உடனே பெரிய வாத்துகளுடன் விடக்கூடாது, கொத்தி விடும். அதே வயது குஞ்சுகளுடன் விட்டு, முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும்.

குஞ்சு தீனி எடுக்காமல் தலையை தொங்கப்போட்டாலோ, வெள்ளையாக கழிந்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் அருகில் உள்ள அரசு கால்நடை ஆஸ்பத்திரிக்கு கொண்டு போக வேண்டும். 1962 என்ற எண்ணுக்கு போன் செய்தும் விவரம் கேட்கலாம்.