உஷார்! ‘லாபம் கொட்டும் துறை’ என்று காட்டும் பட்டியலை நம்பி இறங்காதீர்கள்

அஃபிலியேட் வெப்சைட் (பிறர் பொருளுக்கு லிங்க் கொடுத்து, விற்றால் கமிஷன் வாங்கும் தளம்) தொடங்கப் போகிறீர்களா? டொமைனுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

‘எந்த நிச் (எழுதத் தேர்ந்தெடுக்கும் துறை) எடுத்தால் லாபம்?’ என்று யாரைக் கேட்டாலும் ஒரே பட்டியலைத்தான் நீட்டுகிறார்கள்: உடல்நலம், எடைக் குறைப்பு, பங்குச் சந்தை, கடன், கிரிப்டோ, ஆன்லைன் பணவிளையாட்டு. இவற்றில் கமிஷன் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்து இறங்கும் புதியவருக்கு அதே துறைகளில்தான் ஆபத்தும் அதிகம். பணம் போவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. சில துறைகளில் வழக்கும் தேடி வரும்.

படிப்பு முடித்து வேலை தேடும் பிள்ளைகளும், வீட்டிலிருந்தே நாலு காசு பார்க்க நினைக்கும் பெண்களும், ஓய்வுபெற்றவர்களும்தான் இந்தத் தொழிலுக்கு அதிகம் வருகிறார்கள். இவர்கள் கையிலிருப்பது சேமிப்புப் பணம். அது வீணாகக் கூடாது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சட்டம் காத்திருக்கும் மூன்று துறைகள்

முதலாவது, மருந்து. ‘சர்க்கரை நோயை அடியோடு விரட்டும் சூரணம்’, ‘ஒரே மாதத்தில் உடல் பருமன் போகும்’ என்று எழுதி, கீழே வாங்கும் லிங்க்கை வைக்கிறார்கள். இந்தியாவில் மருந்து மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் 1954-லிருந்தே இருக்கிறது. நீரிழிவு, புற்றுநோய், உடல் பருமன் உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை அது தடுக்கிறது. மருந்தைத் தயாரித்தவரை மட்டும் அது குறிவைக்கவில்லை. அந்த விளம்பரத்தை வெளியிடுவதில் எவ்விதத்திலும் பங்கெடுப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. முதல் குற்றத்துக்கே 6 மாதம் வரை சிறை உண்டு. ‘நான் லிங்க் மட்டும்தான் போட்டேன்’ என்ற பேச்சு அங்கே எடுபடாது. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் எழுத்தை நம்பி ஒருவர் இன்சுலினை நிறுத்திவிட்டால் அந்தப் பழியை எந்தக் கமிஷனும் துடைக்காது.

இரண்டாவது, பங்குச் சந்தை. டீமேட் கணக்கு தொடங்கவைக்கும் லிங்க்குக்கு நல்ல கமிஷன் கிடைக்கும் என்பார்கள். லிங்க்கை யாரும் சும்மா சொடுக்க மாட்டார்கள். ஆகவே ‘இந்தப் பங்கை வாங்குங்கள், இவ்வளவு ஏறும்’ என்று எழுதத் தோன்றும். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியிடம் பதிவு பெறாமல் அப்படி ஆலோசனை சொல்லக் கூடாது. 2024 ஆகஸ்ட்டில் செபி விதியை மேலும் இறுக்கியது. பதிவு பெறாமல் ஆலோசனை வழங்குபவர்களோடும், இவ்வளவு லாபம் வரும் என்று சொல்பவர்களோடும் புரோக்கர் நிறுவனங்கள் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது. பணம் கொடுப்பது, வாடிக்கையாளரைப் பரிந்துரைக்கச் சொல்வது எல்லாமே அந்தத் தடையில் அடங்கும். ஆக, அப்படி எழுதும் வெப்சைட்டுக்குக் கமிஷன் வரும் வழியே அடைபட்டுவிட்டது.

மூன்றாவது, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு. ஓர் ஆளைச் சேர்த்துவிட்டால் இவ்வளவு என்று ஆசை காட்டும் துறை இது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணவிளையாட்டையும் அதற்கான விளம்பரத்தையும் தடை செய்கிறது. விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. இந்த நிச்சை இன்னமும் ஒருவர் உங்களுக்குச் சிபாரிசு செய்கிறார் என்றால், அவர் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு எழுந்து வாருங்கள்.

இன்றைய கமிஷன் நாளை இருக்காது

சரி, வில்லங்கம் இல்லாத துறையைத்தான் எடுக்கிறேன் என்கிறீர்கள். அங்கேயும் ஒரு கண் வேண்டும்.

அமேசானின் அஃபிலியேட் திட்டம் 1996-ல் தொடங்கியது. அமெரிக்காவில் வீட்டுச் சாமான், ஃபர்னிச்சர் துறைகளை நம்பி எத்தனையோ பேர் வெப்சைட் கட்டினார்கள். அந்தப் பொருள்களுக்குக் கமிஷன் 8 சதவீதம். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின் நடுவே, அமேசான் அதை 3 சதவீதமாகக் குறைத்தது. மளிகைப் பொருளுக்கு 5 சதவீதம் இருந்தது, 1 சதவீதமானது. அறிவித்த ஒரு வாரத்தில் அமலுக்கும் வந்துவிட்டது. எழுத்து மாறவில்லை, வாசகர் மாறவில்லை. வருமானம் மட்டும் பாதிக்குக் கீழே விழுந்தது. யாரிடமும் முறையிட வழியில்லை, ஒப்பந்தமே அப்படித்தான்.

விதிமுறைகளையும் படித்துவிடுங்கள். அமேசானில் உங்கள் லிங்க்கை ஒருவர் சொடுக்கிய 24 மணி நேரத்துக்குள் பொருள் அவருடைய கார்ட்டில் ஏற வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்விட்டு, இரண்டு நாள் கழித்து அவராகவே வந்து வாங்கினால் உங்களுக்கு ஒன்றும் கிடையாது. வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பினாலும் கமிஷன் போய்விடும். கணக்கு தொடங்கிய 180 நாளுக்குள் 3 விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். அந்த 3-ஐ எட்டுவதற்காக அண்ணன், மச்சான், தோழி என்று வேண்டியவர்களை வாங்கவைக்கிறார்கள் பலர். அதுவும் விதிமீறல்தான், பிடிபட்டால் சேர்ந்த கமிஷனும் கிடைக்காது.

ஒரே துறை, ஒரே நாள் சரிவு

அடுத்த ஆபத்து கூகுள் தேடல். உடல்நலம், பணம் இரண்டையும் வாழ்க்கையைப் பாதிக்கும் விஷயங்களாக கூகுள் வைத்திருக்கிறது. எழுதுபவரின் தகுதியையும் நம்பகத்தன்மையையும் அங்கே கடுமையாக எடைபோடுகிறது. 2018 ஆகஸ்ட்டில் வந்த மாற்றத்தில் உடல்நல வெப்சைட்டுகள் ஏராளமாகச் சரிந்தன. மருத்துவர்களும் மருத்துவமனைகளும் எழுதும் அதே தலைப்பில் நேற்றுத் தொடங்கிய உங்கள் வெப்சைட் எந்த இடத்தில் வரும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

‘ஏஐ வைத்து நாளுக்கு ஐம்பது கட்டுரை போடு, எல்லா நிச்சையும் பிடி’ என்று ஒரு யோசனை இப்போது சுற்றுகிறது. இதிலும் உஷார். தேடலில் இடம் பிடிப்பதற்காகவே பயனற்ற பக்கங்களைக் குவிப்பதை 2024 மார்ச்சில் கூகுள் ஸ்பேம் பட்டியலில் சேர்த்துவிட்டது. மனிதர் எழுதினாரா, இயந்திரம் எழுதியதா என்பது அதற்கு முக்கியமில்லை, குவியலே குற்றம். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஏஐ சுருக்கப் பதில்கள் இந்தியத் தேடலுக்கும் வந்துவிட்டன. பொதுவான கேள்விக்குப் பதில் மேலேயே கிடைத்துவிட்டால் வாசகர் உங்கள் பக்கம்வரை எதற்கு வருவார்?

நேர்மையாக உழைத்தவர்களும் அடிபட்டிருக்கிறார்கள். ஹவுஸ்ஃப்ரெஷ் என்ற சிறிய வெப்சைட் காற்றுச் சுத்திகரிப்பான்களைத் தாங்களே இயக்கிச் சோதித்து எழுதியது. தேடலிலிருந்து வந்த வாசகர்களில் 91 சதவீதத்தை இழந்துவிட்டோம் என்று 2024 மே மாதம் அவர்களே அறிவித்தார்கள். நல்ல துறை, உண்மையான உழைப்பு இரண்டும் இருந்தும் கூகுளை மட்டும் நம்பியிருந்தால் இந்தக் கதி வரும். வாடகைக் கடையில் நடக்கும் வியாபாரம் இது. உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் கதவை அடைக்கலாம் என்று தெரிந்தே முதல் போடுங்கள்.

பட்டியல் விற்பவரிடம் இரட்டை உஷார்

லாபத் துறையை நாங்களே தேர்ந்தெடுத்துத் தருகிறோம், வெப்சைட்டையும் கட்டித் தருகிறோம், கோர்ஸில் சேருங்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் இப்படிக் கோர்ஸ் விற்ற மோப் என்ற நிறுவனத்தின் மீது அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2018-ல் வழக்குப் போட்டது. 49 டாலர் கட்டினால் 21 படிகளில் ஆன்லைன் வருமானம் என்றார்கள். உள்ளே போனபின் அடுத்த நிலை, அடுத்த நிலை என்று ஆயிரக்கணக்கான டாலர் கேட்டார்கள். அவர்கள் சொல்லிக்கொடுத்த தொழிலே அதே கோர்ஸை இன்னொருவர் தலையில் கட்டிக் கமிஷன் வாங்குவதுதான். மக்களிடமிருந்து கறந்தது 12.5 கோடி டாலருக்கும் மேல் என்றது ஆணையம்.

நம் ஊரிலும் இதே அச்சில் வருவதைக் கண்டுகொள்ள ஒரு கேள்வி போதும்: ‘கோர்ஸ் விற்காமல், பொருள் விற்ற கமிஷனாக மட்டும் போன ஆண்டு எவ்வளவு வந்தது? வங்கிக் கணக்கைக் காட்டுவீர்களா?’ பதில் சுற்றி வளைத்தால் காசை எடுக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாக ஏற்காதீர்கள், அதை யாரும் உருவாக்கிவிடலாம்.

அப்படியென்றால் எதை எடுப்பது?

நீங்கள் கையால் தொட்டு, பயன்படுத்தி, குறை சொல்லக்கூடிய பொருள்கள் உள்ள துறையை எடுங்கள். மாடித் தோட்டம் போட்டு நாலு பருவம் கத்தரியும் தக்காளியும் பறித்தவருக்கு எந்தக் குரோ பேக் ஒரு கோடையில் கிழியும், எந்தத் தேங்காய் நார்க்கழிவில் உப்பு அதிகம் என்று தெரியும். அது இன்டர்நெட்டிலிருந்து சுட்டு எழுதுபவருக்குத் தெரியாது. கிரைண்டர், மிக்ஸி ரிப்பேர் செய்பவர், தையல் தொழில் செய்பவர், வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர் எல்லோரிடமும் இப்படி ஒரு சரக்கு இருக்கிறது.

தெரிந்த துறை என்பதாலேயே லாபம் வந்துவிடாது. காகிதம் எடுத்துக் கணக்குப் போடுங்கள். பொருளின் விலை சராசரி 1,000 ரூபாய், கமிஷன் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விற்பனைக்கு 50 ரூபாய். உங்கள் பக்கத்துக்கு வரும் 100 பேரில் 20 பேர் லிங்க்கைச் சொடுக்கி, ஒருவர் வாங்குகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 15,000 ரூபாய் பார்க்க 300 விற்பனை வேண்டும், அதற்கு 30,000 பேர் வர வேண்டும். பொருள் 200 ரூபாய் உரப் பாக்கெட் என்றால் ஒன்றரை லட்சம் பேர். இந்தக் கணக்கைப் போட்ட பிறகும் மனம் இறங்கச் சொன்னால் மட்டும் இறங்குங்கள்.

இறங்குவதற்கு முன் இந்த ஐந்தையும் சரிபாருங்கள்:

1. அந்தத் துறையில் வாசகர் வாங்கும் முன் கேட்கும் கேள்விகள் 30-ஐ உங்களால் சொந்தமாக எழுத முடிகிறதா? பத்தோடு நின்றுவிட்டால் அது உங்கள் துறை இல்லை.

2. ஒரு நிறுவனம் கமிஷனைக் குறைத்தால் மாற இன்னும் இரண்டு மூன்று அஃபிலியேட் திட்டங்கள் இருக்கின்றனவா?

3. வாசகர் திரும்ப வருவாரா? கிரைண்டர் வாங்கியவர் பல வருடம் அடுத்ததை வாங்க மாட்டார். விதை வாங்கியவர் அடுத்த பட்டத்துக்கு வருவார்.

4. கூகுள் கைவிட்டாலும் வாசகரை எட்ட வேறு வழி உண்டா? யூடியூப், வாட்ஸ்அப் சேனல், இமெயில் என்று ஒன்றையாவது முதல் நாளிலிருந்தே வளர்த்துவாருங்கள்.

5. ‘இந்த லிங்க்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்’ என்று ஒவ்வொரு பக்கத்திலும் கண்ணில் படும்படி தமிழில் எழுதத் தயாரா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பரிந்துரை செய்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விசாரிக்காமல் எதையும் புகழாதீர்கள்.

ஆரம்பத்தில் டொமைன், ஹோஸ்டிங் செலவைத் தாண்டி ஒரு ரூபாயும் போடாதீர்கள். கடன் வாங்கி, நகையை அடகு வைத்து இந்தத் தொழிலுக்கு வராதீர்கள். பார்க்கிற வேலையை விட்டுவிட்டு வரவே வராதீர்கள். முதல் கமிஷன் வர மாதங்கள் ஆகும், வராமலே போகவும் வாய்ப்பு உண்டு. உங்கள் அம்மாவுக்கோ அண்ணனுக்கோ வாங்கிக்கொடுக்கத் தயங்கும் பொருளை எத்தனை சதவீதம் கமிஷன் கொடுத்தாலும் வாசகருக்குக் காட்டாதீர்கள். அப்படிக் காட்ட வேண்டிய கட்டாயம் வரும் துறை எதுவானாலும், அதை இன்றைக்கே உங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.