“எனக்குத் தெரியாது” என்றால் போதுமா? – போதைப் பொருள் வழக்குகளும் வணிகர்களும்

பெரம்பலூர் வழியாக சென்னை – திருச்சி நெடுஞ்சாலை செல்கிறது. அரியலூரில் சிமெண்டு ஆலைகளுக்கு இரவு பகலாக லாரிகள் வந்து போகின்றன. இரண்டு ஊர்களிலும் கடைத்தெருவில் நெடுநாள் பழக்கம் ஒன்று உண்டு. “அண்ணாச்சி, இந்த மூட்டை இங்கே கொஞ்ச நேரம் இருக்கட்டும், சாயந்திரம் ஆள் வந்து எடுத்துக்கொள்வார்” என்று யாராவது கேட்டால் நாம் மறுப்பதில்லை. முகம் தெரிந்தவர் என்றால் ரசீதும் கேட்பதில்லை.

அந்த மூட்டையில் கஞ்சா இருந்தால் என்னவாகும்? “எனக்கு ஒன்றும் தெரியாது” என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? நம் சங்க உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

சட்டம் என்ன சொல்கிறது?

போதைப் பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. கஞ்சா 20 கிலோவுக்கு மேல் இருந்தால் அது வணிக அளவு. அதற்குக் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு கடுங்காவல். அபராதம் 1 லட்சம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை. அத்தகைய வழக்கில் ஜாமீன் கிடைப்பதும் மிகக் கடினம்.

மற்றக் குற்ற வழக்குகளில் எதிரியின் மனதில் குற்ற எண்ணம் இருந்தது என்பதை அரசுத் தரப்பே நிரூபிக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் 35-வது பிரிவோ அந்த எண்ணம் இருந்ததாகவே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்கிறது. தடை செய்யப்பட்ட பொருள் ஒருவர் வசம் இருந்து, அவர் அதற்குத் தக்க விளக்கம் தராவிட்டால் குற்றம் செய்ததாகவே அனுமானிக்கலாம் என்கிறது 54-வது பிரிவு. “இல்லை” என்று காட்டும் சுமை நம் தலையில் விழுகிறது.

அப்படியானால் அரசுத் தரப்புக்கு வேலையே இல்லையா? உண்டு. அமிர்தசரஸ் விமான நிலையத்தில் திராட்சைப் பழ அட்டைப் பெட்டியில் ஹெராயின் கொண்டுவந்ததாக ஆப்கானியர் ஒருவர் மீது தொடரப்பட்ட நூர் ஆகா வழக்கில், 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பொருள் எதிரியின் வசம் இருந்தது முதலான அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு ஐயத்திற்கு இடமின்றி முதலில் நிரூபிக்க வேண்டும். அதன் பிறகுதான் சுமை எதிரிக்கு மாறும். எதிரி தன் விளக்கம் நம்பத்தக்கது என்று காட்டினால் போதும். கைப்பற்றிய பொருளையே முறையாக நீதிமன்றத்தில் காட்ட முடியாத அந்த வழக்கில் எதிரி விடுதலையானார்.

“வசம்” என்பது எது?

பொருள் கைக்குள் இருக்க வேண்டும் என்பதில்லை. பூட்டிய கிடங்கின் சாவி நம்மிடம் இருந்தால் உள்ளே இருப்பதும் நம் வசமே. ஆனால் அது அறிந்து வைத்திருந்த வசமாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. வாகனத்தில் பாப்பி உமி மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்காக மட்டும் அவை அவர்கள் வசம் இருந்ததாகக் கொள்ள முடியாது என்று 2002-ல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்கள் கூலியாட்களாகவும் இருக்கலாமே! (கசகசாக் காயின் உமிதான் குற்றம். மளிகைக் கடையில் விற்கும் கசகசா விதைக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு.)

பெட்டிக்குள் இருந்தால்? 1968-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை விசாரித்த வார்னர் வழக்கு நம் தொழிலுக்கு நெருக்கமானது. உபதொழிலாக வாசனைத் திரவியம் விற்ற ஒருவர், ஒரு காபிக் கடையில் தமக்காக வைக்கப்பட்டிருந்த இரண்டு பெட்டிகளை எடுத்துச் சென்றார். ஒன்றில் சென்ட் பாட்டில்கள், மற்றொன்றில் 20,000 போதை மாத்திரைகள். இரண்டிலும் சென்ட் என்றே நினைத்ததாக அவர் சொன்னார். உள்ளிருப்பது முற்றிலும் வேறு வகைப் பொருள் என்று அறியாதவருக்கும், திறந்து பார்க்க வாய்ப்பே இல்லாதவருக்கும் விலக்கு இருக்கலாம் என்று நீதிபதிகள் பேசினார்கள். ஆனாலும் அவருடைய மேல்முறையீடு தள்ளுபடியானது.

லாரி, கிடங்கு உரிமையாளர்கள்

25-வது பிரிவின்படி, தம் வாகனத்தையோ கட்டிடத்தையோ இக்குற்றத்துக்குப் பயன்படுத்த அறிந்தே அனுமதித்தவரும் தண்டனைக்குரியவர். லாரி சொந்தமானது என்பது மட்டும் போதாது, உரிமையாளருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று போலா சிங் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் கூறி, உரிமையாளரை விடுவித்தது.

வண்டியைப் பறிமுதல் செய்வது தனி விவகாரம். 60-வது பிரிவின்படி, தமக்குத் தெரியாமல் நடந்தது என்று மட்டும் சொன்னால் போதாது. தாமும் தம் டிரைவரும் தக்க முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்திருந்ததாகவும் உரிமையாளர் காட்ட வேண்டும். அஸ்ஸாமில் சோப்புப் பெட்டிகளில் ஹெராயின் சிக்கிய ஒரு வழக்கில், குற்றத்தில் தொடர்பில்லாத உரிமையாளருக்கு லாரியை இடைக்காலமாகத் திருப்பித் தர 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

நாம் செய்ய வேண்டியவை

ரசீது இல்லாத மூட்டை கடையில் ஒரு மணி நேரம்கூட இருக்கக் கூடாது. கொடுத்தவர் பெயர், முகவரி, தொலைபேசி எண், பொருளின் விவரம், நேரம் ஆகியவற்றைத் தனி நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கிடங்கை உள்வாடகைக்கு விட்டால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். சாவி யாரிடம் என்பதும் அதில் இருக்க வேண்டும். டிரைவர், கிளீனரின் லைசென்ஸ், ஆதார் நகல்களை வைத்துக்கொண்டு, வெளியாள் சரக்கு ஏற்றக் கூடாது என்று எழுத்திலேயே சொல்லிவிட வேண்டும். லாரி ரசீது, இ-வே பில், பில் புத்தகம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

சோதனைக்கு வந்தால் தடுக்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும். அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. உடலைச் சோதிக்கும் முன் கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கோரும் உரிமையும் உண்டு. இச்சட்டப்படி விசாரணை அதிகாரி முன் தரும் வாக்குமூலம் குற்ற ஒப்புதலாகச் செல்லாது என்று தமிழ்நாட்டு வழக்கான தூபான் சிங் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. எனவே வக்கீலைக் கேட்காமல் எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

சந்தேகம் தோன்றினால் மூட்டையைத் தொடாமல் காவல் நிலையத்துக்கோ, 1933 என்ற தேசியப் போதைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ உடனே சொல்லிவிடுவதே நல்லது.

முகத் தாட்சண்யம் நம் வியாபாரத்தின் குணம். ஆனால் நீதிமன்றத்தில் தாட்சண்யம் சாட்சி சொல்லாது. நம் நோட்டுப் புத்தகம் சொல்லும். அதை இன்றே தொடங்கி வைப்போம்.