உருவமும் பெயரும்: நடுகல்லும் ஒளிப்படமும்

இறந்தாரின் நினைவு நிலைபெறுதற்கு உருவம் ஒன்றே அமையுமோ, பெயரும் வேண்டுமோ என்னும் வினா நடுகல் ஆராய்வார்க்குப் புதிதன்று. இலங்கை மலையகத்தில் அடக்கமுற்ற ஒளிப்பட முன்னோடி ஒருவரின் பணியும் அவ்வினாவையே எழுப்புகின்றது.

கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதிகளில் நடுகற்கள் மிகுதி. எழுத்துடைய கற்கள் பலவற்றில் மன்னனது ஆட்சியாண்டும், வீரனது பெயரும், அவன் பட்ட நிகழ்ச்சியும் காணப்படும். எழுத்தில்லாக் கற்கள் உருவம் மட்டும் உடையன. இவ்வட்டாரத்தில் நடுகற்கள் பல வேடியப்பன் என்னும் பொதுப்பெயரால் வழிபடப்பெறுகின்றன. எழுத்தில்லாவிடத்து வழிபாடு நிலைத்தது. வீரனின் இயற்பெயர் மறைந்தது.

இனி இலங்கையை நோக்குவோம். ஜூலியா மார்கரெட் கேமரன் 1815-இல் கல்கத்தாவிற் பிறந்தவர். 1863-இல் மகளும் மருமகனும் அளித்த கருவிகொண்டு, தம் 48-ஆம் அகவையில் இக்கலையிற் புகுந்தார். 1875-இல் கணவருடன் இலங்கையிற் குடியேறினார். 1879 சனவரி 26-இல் மறைந்து, பொகவந்தலாவைத் தூய மரியாள் ஆலயக் கல்லறையில் அடக்கமுற்றார்.

அந்நாளில் மலைத்தோட்டங்களில் உழைத்தோர் தமிழகத்திலிருந்து சென்றவர்கள். கிருஷ்ணகிரியும் ஓசூரும் அடங்கியிருந்த அக்காலச் சேலம் மாவட்டத்தினரும் அவருள் உளர். கேமரன் இலங்கையில் எடுத்தவற்றுள் எஞ்சிய படங்கள் 30-க்கும் குறைவே. தோட்டத் தமிழர் உருவங்களும் அவற்றில் உண்டு. 1877-இல் களுத்துறையில் அவர் படமெடுத்த ஓவியர் மாரியன் நார்த் பெயரோடு அறியப்படுகின்றார். மறு ஆண்டுப் படமொன்றில் உள்ளாரோ 'களுத்துறைக் குடியானவர்' என்னும் தலைப்பளவில் நின்றனர்.

கண்ணாடித் தகட்டிற் பூசிய கொலோடியன் உலருமுன் படமெடுத்துத் துலக்குதல் அவர் கையாண்ட முறை. ஒளி பதியும்வரை, சிலபோது நிமிடக் கணக்கில், எதிரிலிருப்பார் அசையாதிருத்தல் வேண்டும். ஆதலின் அவ்வுருவம் கலைஞரின் ஆக்கம் மட்டுமன்று, அசையாதிருந்தாரின் உழைப்புமாகும்.

நடுகல் தம்மவர் எடுத்தது. தோட்டப்படம் முதலாளி வகுப்பினர் எடுத்தது. இவ்வேறுபாடு பெரிது. எனினும் எழுத்துத் துணையற்ற உருவத்தின்மேற் பொதுப்பெயர் ஏறுதல் இரண்டிற்கும் ஒக்கும்.

ஆகவே பழைய ஒளிப்படத்தையும் கல்வெட்டைப் போன்றே சான்றாகக் கொள்ளல் வேண்டும். ஆடை, அணி, கருவி, இடம் ஆகியவற்றைக் குறித்து, தோட்டக் குடும்பங்களின் வாய்மொழி வரலாற்றோடு ஒப்பிடுதல் தகும். இயற்பெயர் கிடையாதவிடத்து அதனை வெளிப்படப் பதிதல் வேண்டும்; குழுப்பெயரை இட்டு அக்குறையை மறைத்தலாகாது.