ஒன்பது மணிக்கு முன் உலக முடிவு

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய்வந்த பலர் அங்குள்ள உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளத்தைப் பார்த்ததில்லை. பள்ளத்தின் விளிம்பு வரை நடந்திருப்பார்கள். எதிரே பனிமூட்டம் மட்டும் வெள்ளையாக நின்றிருக்கும். நுவரெலியாவில் காலைச் சாப்பாட்டை ஆறுதலாக முடித்துக்கொண்டு, பத்து மணியளவில் நடக்கத் தொடங்கும் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நேர்கிறது. அதிர்ஷ்டத்துக்கு இதில் பங்கு குறைவு. எல்லாம் வெயிலும் காற்றும் போடும் கணக்கு.

சமவெளி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதன் தெற்கு ஓரம் உலக முடிவில் சுமார் 870 மீற்றர் ஆழத்துக்குச் சரேலென்று இறங்குகிறது. இரவில் குளிர்ந்த காற்று கனத்துத் தாழ்வான இடங்களில் தங்கிவிடுவதால், விடிகாலையில் பள்ளம் தெளிவாக இருக்கும். வானமும் ஒத்துழைத்தால் தென்கரைக் கடல் வரை கண்ணுக்கு எட்டும். வெயில் ஏறியதும் கீழே தேயிலைத் தோட்டங்களும் சரிவுகளும் சூடாகின்றன. ஈரம் நிறைந்த காற்று மலைச்சுவரை ஒட்டி மேலே கிளம்புகிறது. முகிலாகாத காற்று ஒவ்வொரு 100 மீற்றர் ஏறும்போதும் ஏறக்குறைய 1 பாகை செல்சியஸ் குளிரும். விளிம்பை நெருங்கும்போது நீராவி துளிகளாகி, முகிலாகத் திரண்டுவிடுகிறது. ஒன்பது, பத்து மணிக்குள் திரை விழுவதற்கு இதுவே காரணம்.

ஆகவே, இந்த நடையைத் திட்டமிடுபவர் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை.

ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் எளிய விதியொன்றைச் சொன்னார். இன்றைய அளவில் அது சுமாராக 5 கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 300 மீற்றர் ஏற்றத்துக்கும் அரை மணி நேரம். ஹோர்ட்டன் சமவெளியின் வட்டப் பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். ஏற்றத்தைத் தாராளமாக 300 மீற்றர் என்று வைத்தாலும், விதிப்படி இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் நெய்ஸ்மித்தின் கணக்கு திடகாத்திரமான மலையேறிகளுக்கானது. பிள்ளைகளும் அம்மம்மாவும் கூட வந்தால், கல்லும் சேறும் கிடக்கும் இந்தப் பாதைக்கு மூன்றரை, நான்கு மணி நேரம் ஒதுக்குவதே நியாயம். நுவரெலியாவிலிருந்து வரும் சுமார் 32 கிலோமீற்றர் மலைப்பாதைக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கும். வாயில் திறக்கும் ஆறு மணிக்கு அங்கே நிற்க, நாலரைக்கே வான் புறப்பட வேண்டும். சிரமம்தான், ஆனாலும் வேறு வழியில்லை.

நடை தொடங்கும் ஃபார் இன்னிலிருந்து பாதை கிளை பிரியும் இடத்தில் சின்ன உலக முடிவுப் பக்கம் முதலில் போவது நல்லது. பேக்கர் நீர்வீழ்ச்சியைத் திரும்பும் வழியில் பார்க்கலாம். அருகில் நின்று பார்க்கும் அருவியைப் பனிமூட்டம் மறைக்காது.

குளிரைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்வெளியில் உறைபனி படிவதுண்டு. ஜீன்ஸ் நனைந்தால் எளிதில் காயாது. ஈரம் ஆவியாகும்போது உடம்பின் சூட்டையும் கொண்டுபோகும். மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தால் வெயில் ஏற ஏறக் கழற்றிக்கொள்ளலாம். தொப்பியும் தேவை, இந்த உயரத்தில் புறஊதாக் கதிர்கள் கடற்கரையைவிட வலுவானவை. காற்றழுத்தமும் அங்கிருப்பதில் நாலில் மூன்று பங்குக்குச் சற்றே கூடுதல் என்பதால் ஏற்றத்தில் மூச்சு விரைவாக வாங்கும், பயப்பட ஒன்றுமில்லை.

விளிம்பைப் பார்த்தாகிவிட்டால் அவசரம் தீர்ந்தது. காட்டுப் பகுதியில் நின்று நின்று நடக்கலாம். கீனா மரங்களின் உச்சி குடை விரித்ததுபோல் பரந்திருக்கும். தண்டுகள் பாசியால் மூடப்பட்டிருக்கும். அந்தத் தண்டுகளைப் பொறுமையாகத் துழாவினால் மூக்கு நுனியில் கொம்பு முளைத்த ஓணான் தட்டுப்படலாம். இலங்கையின் மத்திய மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத உயிர் அது. தொட வேண்டாம், பார்த்தால் போதும். மழை பெய்யாத நாளிலும் மரங்களிலிருந்து நீர் சொட்டுவதைக் கவனிக்கலாம். காற்றில் மிதக்கும் பனித்துளிகளை இலையும் பாசியும் பிடித்து மண்ணுக்குள் இறக்குகின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது. கொழும்பில் குழாயைத் திறப்பவருக்கும் இந்தக் காட்டோடு உறவு உண்டு.

1988இல் தேசிய பூங்காவான இந்த இடத்தை, மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமை வாகனத் தரிப்பிடத்திலேயே சோதனைக்கு உள்ளாகிறது. மனிதருக்குப் பழகிப்போன மரைகள் அங்கே வான் கதவருகிலேயே வந்து நிற்கும். பிள்ளைகள் ஆசையோடு பிஸ்கட்டை நீட்டுவார்கள். மரை அசைபோடும் விலங்கு. புல்லுக்கும் இலைக்கும் ஏற்ற வயிறு அதற்கு. உப்பும் வாசனையும் ஒட்டிய பொலித்தீனையும் அது உணவென்று விழுங்கிவிடும். பொலித்தீன் செரிக்காமல் இரைப்பையை அடைத்துக்கொள்ளும்.

வாயிலில் பைகளைத் திறந்து பொலித்தீன் உறைகளை அகற்றச் சொல்வார்கள். அங்கே முகம் சுளிக்காமல், சாப்பாட்டை முதல்நாள் இரவே டப்பாக்களுக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள். மரை எவ்வளவு அருகில் வந்தாலும் கையை நீட்டாதீர்கள்.