ஏலக்காட்டில் எந்த ‘ஜி’க்கு டவர் எடுக்கும்?

குமுளியிலிருந்து அணக்கரை போகும் வழியில் இருக்கிறது சக்குபள்ளம். ஏலத் தோட்டங்கள் நிறைந்த இடுக்கி மலையூர். கிழக்குச் சரிவில் இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. தேனி மாவட்டத்திலிருந்து ஜீப்பில் வேலைக்கு வருகிறவர்களிடம் பட்டன் போனும் உண்டு, 5ஜி போனும் உண்டு. ஓடைப் பக்கம் செடிகளுக்குள் இறங்கியதும், பல நேரம் பேசக் கைகொடுப்பது பட்டன் போன்தான். புதியதால் முடியாதது பழையதால் எப்படி முடிகிறது?

1979-ல் டோக்கியோவில் தொடங்கிய முதல் தலைமுறையான 1ஜி, இந்தியாவுக்கு வரவே இல்லை. நாம் நேராக 2ஜிக்கு வந்தோம். 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசியதுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. 2ஜி குரலை எண்களாக்கியது. ஒரு அலைவரிசையை நேரத்தால் எட்டுக் கூறு போட்டு எட்டுப் பேருக்குக் கொடுத்தது. 2009 பிப்ரவரியில் பிஎஸ்என்எல் மூலம் சென்னைக்கு வந்த 3ஜி, எல்லோரையும் ஒரே சமயத்தில் பேசவிட்டு, ஆளுக்கொரு குறியீட்டால் பிரித்தறிந்தது. 4ஜியில் குரலே டேட்டாவாகிவிட்டது. 2022 அக்டோபர் 1-ல் வந்த 5ஜிக்கு இன்னும் அகலமான அலைப்பட்டை தேவைப்பட்டது.

அவ்வளவு அகலம் உயர் அலைவரிசைகளில்தான் காலியாக இருந்தது. சிக்கலும் அங்கேதான். பட்டன் போன் பிடிக்கும் 2ஜி கிராமப்புறங்களில் பெரும்பாலும் ஓடுவது 900 மெகாஹெர்ட்ஸில். அலைநீளம் சுமார் 33 சென்டிமீட்டர். 5ஜியின் வேகத்துக்குக் காரணமான 3,500 மெகாஹெர்ட்ஸில் அது 9 சென்டிமீட்டர்கூட இல்லை. நீண்ட அலை குன்றின் விளிம்பில் வளைந்து மறுபக்கமும் ஓரளவு இறங்கும். குட்டை அலை அவ்வளவாக வளையாது. ஏலத்துக்கு நிழல் தரும் மரங்களின் இலைகளில் மழைநீர் தங்கினால், அது இன்னும் வேகமாக வலுவிழக்கும்.

எண் கூடக் கூட எல்லாமே மேம்படும் என்ற விளம்பரக் கணக்கு மலையில் செல்லாது. ஏர்டெல் 2020-ல் 3ஜியை நிறுத்திவிட்டு 2ஜியை வைத்துக்கொண்டதே, பட்டன் போன்காரர்களை விட முடியாததால்தான்.

எல்லையோர ஊர்களில் இன்னொன்றும் நடக்கும். தன் மாநில டவர் கிடைக்காவிட்டால் போன் பக்கத்து மாநில டவரைப் பிடிக்கும். முன்பெல்லாம், தமிழ்நாட்டு சிம் கேரள டவருக்கு மாறிவிட்டால், வந்த அழைப்பை எடுத்தாலே ரோமிங் காசு போகும். தினக்கூலிக்காரருக்கு அது சின்னத் தொகை அல்ல.

மலைக்கு ஏற்ற வழி இல்லாமல் இல்லை. ஜியோ தன் 5ஜியையும் பிஎஸ்என்எல் தன் 4ஜியையும் 700 மெகாஹெர்ட்ஸிலும் தருகின்றன. பழைய 2ஜியைவிடவும் நீண்ட அலை அது. அந்த டவர் பக்கத்தில் இருந்தும், போனில் அந்தப் பட்டை இல்லாவிட்டால் பயனில்லை. அடுத்த முறை கடைக்குப் போகும்போது, எத்தனை ஜி என்பதோடு நிறுத்தாமல், 4ஜிக்கு ‘பேண்ட் 28’, 5ஜிக்கு ‘என்28’ இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.