சந்தேகத்தின் பலன் யாருக்கு?

மண்ணுக்கு மேலே ஓடும் தண்ணீரைக் கண்ணால் காணலாம்; மண்ணுக்குக் கீழே ஓடும் தண்ணீரைக் கணக்கால்தான் காண வேண்டும். அந்தக் கணக்கின் யோக்கியதை என்ன என்பதைக் கிணற்று நீர் குடிக்கும் நாம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும், தோழர்களே!

அமெரிக்க நாட்டிலே, பாஸ்டன் நகருக்கு வடக்கே வூபர்ன் என்றோர் ஊர். தோல் தொழிலுக்குப் பேர்போன ஊர். 1964-லும் 1967-லும் அங்கே குடிநீருக்காக இரண்டு குழாய்க் கிணறுகள் போட்டனர். தண்ணீர் நாறுகிறது என்றனர் மக்கள். நல்ல தண்ணீர்தான் என்றனர் அதிகாரிகள். ஒரே வட்டாரத்தில் பல வீட்டுக் குழந்தைகளுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. 1979 மே திங்களில்தான் சோதித்தார்கள். இரும்புச் சாமான்களின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் டிரைகுளோரோஎத்திலீன் என்னும் நஞ்சு தண்ணீரிலே! கிணறுகளை மூடினர். 1982-ல் எட்டுக் குடும்பங்கள் வழக்கு மன்றம் ஏறின.

எதிரே நின்றவர்கள் யார்? கிரேஸ், பியாட்ரிஸ் என்னும் கோடீசுவர நிறுவனங்கள். பியாட்ரிஸ் பொறுப்பிலிருந்த தோல் ஆலையின் நிலம் அபர்ஜோனா ஆற்றுக்கு மேற்கே, கிணறுகளோ கிழக்கே. இடையிலே ஆறு! அந்தக் கரை நஞ்சு இந்தக் கரைக் கிணற்றுக்கு எப்படி வரும் என்று மடக்கினர் ஆலைத் தரப்பினர். பம்பு இறைக்க இறைக்க, ஆற்றுக்கு அடியிலேயே இழுத்துவரும் என்றார் குடும்பங்களின் சாட்சியாக வந்த பேராசிரியர் ஜார்ஜ் பிண்டர். வழக்கு விசாரணைக்குச் சற்று முன்பு, 1985 டிசம்பரில் தொடங்கி, அரசுத் துறையினர் 30 நாள் அக்கிணறுகளை இறைத்துப் பார்த்தனர். ஆற்றுக்கு மேற்கேயும் நிலத்தடி நீர்மட்டம் இறங்கியது!

பிறகென்ன சந்தேகம் என்பீர்கள். இங்கேதான் கணக்கு வருகிறது.

1856-ல் டார்சி என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் விதி வகுத்தார்: நீர்மட்டத்தின் சரிவு எவ்வளவோ, மண் நீரை எவ்வளவு விடுமோ, அவ்வளவு ஓட்டம். எளிய விதிதான். ஆனால் மண்? கூழாங்கல் விடும் நீருக்கும் களிமண் விடும் நீருக்கும் பத்து மடங்கல்ல, நூறு மடங்கல்ல, பல இலட்சம் மடங்கு வேற்றுமை! நாலு இடத்தில் துளை போட்டுப் பார்ப்பார்கள்; துளைக்கும் துளைக்கும் நடுவே ஊகம். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் எண் கொடுத்துக் கணிப்பொறியில் போடுவார்கள். கிணற்றில் அளந்த மட்டத்தோடு விடை ஒத்துவரும்வரை எண்களை மாற்றுவார்கள். ஒத்துவந்தால் உண்மையாகிவிடுமா? மழைநீர் அதிகம் இறங்குகிறது, மண்ணும் அதிகம் விடுகிறது என்றாலும் அதே மட்டம். இரண்டும் சம அளவில் குறைவு என்றாலும் அதே மட்டம்! ஆனால் நஞ்சு வந்துசேரும் நாள் மாறிவிடும்.

இதை மறைக்கவில்லை விஞ்ஞானிகள். இத்தகைய கணக்கை மெய்யென்று நிரூபிக்கவே இயலாது என்று 1992-ல் கோனிகோ, பிரெடஹோஃப்ட் என்ற இருவர் எழுதியே வைத்தனர். சோதிடனுக்குச் சந்தேகமே வராது, விஞ்ஞானிக்குத்தான் வரும். அது அவன் பெருமை.

அந்தப் பெருமையைத்தான் ஆலை அதிபர்கள் கேடயமாக்கினார்கள்! 1986-ல் 78 நாள் விசாரணை. எந்த ஆண்டு, எந்தத் திங்களில் நஞ்சு கிணற்றை எட்டியது என்று சொல்லுமாறு ஜூரிகளைக் கேட்டார் நீதிபதி. பேராசிரியர்களே மோதிக்கொண்ட கேள்வி, சாமானியர் அறுவர் முன்னே! பியாட்ரிஸ் பொறுப்பில்லை என்று விடுபட்டது. கிரேஸ் 80 இலட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. 1991-லோ, அந்த நிலத்தையும் நீரையும் தூய்மைப்படுத்த ஏறத்தாழ 7 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்ட நிறுவனங்களின் வரிசையில் பியாட்ரிசும் இருந்தது.

குழந்தையைப் பறிகொடுத்தவள் திங்களும் ஆண்டும் சொல்லி நிரூபிக்க வேண்டும். எதிர்த்தரப்புக்கோ அப்படியும் இருக்கலாம், இப்படியும் இருக்கலாம் என்றாலே போதும். என்ன நியாயம் இது?

அங்கேயும் தோல், நம் பாலாற்றங்கரையிலும் தோல். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் இந்தத் தராசைத் திருப்பிப் பிடித்தது. மீளாத கேடு நேருமென்ற நிலையில், விஞ்ஞானம் உறுதி சொல்லவில்லை என்று தடுப்பு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. தீங்கில்லை என்று நிரூபிப்பது தொழில் நடத்துபவரின் கடமை என்றது. 2025 ஜனவரி 30-ல், 28 ஆண்டு கழித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள் என்று அதே நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது!

தொழிலை மூடு என்பதல்ல நம் வாதம். தோல் ஷாப்புத் தொழிலாளி நம் தோழன். அவன் வீட்டுக் குழந்தை குடிப்பதும் அந்தக் கிணற்று நீரைத்தான். ஆலைக்காக ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டு, நிலத்தடி நீருக்கு ஆபத்தில்லை என்று வண்ணப்படம் காட்டும்போது, எழுந்து நின்று கேளுங்கள்: எத்தனை இடத்தில் துளை போட்டீர்கள்? எத்தனை நாள் இறைத்துப் பார்த்தீர்கள்? எண்ணை மாற்றிப் போட்டால் எங்கள் கிணற்றுக்கு எந்த ஆண்டு வரும்?